கொழுந்து ஒத்தடம்

பிள்ளைகளா, கடையில் நுரை பொங்க ஆற்றிய பால் தேத்தண்ணி, தே தாரேக், வந்ததும் நீங்கள் அம்மாவின் முட்டியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது பாதிக் கதைதான். (மீதியைச் சொல்ல இத்தனை நாள் எனக்கு வெட்கம்.)

அப்போது நான் எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டினேன். சரிவிலேயே நின்று கொழுந்து பறித்து அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. பெரியவனே, உன் காய்ச்சல் இறங்கினால் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. கோயிலோ மேட்டில்.

“படி ஏற முடியலன்னா ஆத்தாவுக்கு என்னாங்க பதில் சொல்றது?” என்று அழுதாள். கிளினிக் மாத்திரை அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஈப்போவில் ஓர் ஆயுர்வேத வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, திரிங்காப் வளைவில் லாரியை நிறுத்திப் போன் போட்டேன். அங்கே லைன் வரும், போகும்.

“வாதம்தான் தம்பி, பயப்படாதீங்க. ...ச்சி இலை... நல்ல கொழுந்தாப் பறிச்சு, பூண்டு போட்டு நல்லெண்ணெயில வதக்கி, துணியில கட்டி ஒத்தடம் குடுங்க.”

“கொழுந்தா ஐயா?”

“ஆமா, கொழுந்துதான். முத்துன இலை வேணாம்.”

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மருந்தையே லாரியில் ஏற்றிக்கொண்டு மருந்து தேடி அலைந்திருக்கிறேனே! எஸ்டேட்டில் பிறந்தவனுக்குக் கொழுந்து என்றால் தேயிலைதான். வேறு செடிக்கும் கொழுந்து உண்டு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

லாரித் தரையில் ஒட்டிக் கிடந்ததை அள்ளி வந்து வதக்கினேன். வீடே புகைந்தது.

“என்னங்க, இது நம்ம கொழுந்து மாதிரில்ல இருக்கு?”

“வைத்தியரே சொல்லிட்டாரு. நீ காலை நீட்டு.”

மூட்டையைச் சுடச்சுட வைத்தேன். “எப்படி இருக்கு?”

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். “சொகமா இருக்குங்க.”

(அன்றிலிருந்து லயத்து வீட்டு வரிசையில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். எஸ்டேட் துரைகூட அப்படி நடந்ததில்லை.)

திருவிழாக் காலையில், இருக்கட்டும் என்று கூடுதலாக ஓர் ஒத்தடம். அம்மா மஞ்சள் சேலை கட்டி, பால்குடத்தைத் தலையில் வைத்துப் புறப்பட்டாள். பாதிப் படியில் பார்த்தால், இரண்டு முட்டிக்கும் நேராகச் சேலையில் வட்ட வட்டமாகக் கறை! கூடவே தேயிலை பேக்டரி வாசம். பின்னால் வந்த பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா மோப்பம் பிடித்தார்.

“என்னாடா தம்பி போட்டே முட்டிக்கு?”

“கொழுந்துக்கா. வைத்தியர் சொன்னாரு.”

“அட கூறு கெட்டவனே, அவரு சொன்னது நொச்சிக் கொழுந்துடா! மேல பாலு, கீழ தேத்தண்ணி. சீனியப் போட்டா தே தாரேக் லா!”

உறுமிக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். குடம் ஆடியது. பால் நெற்றியில் வழிந்தது. சிரிக்கிறாள்! சிரித்துக்கொண்டே, என் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மிச்சப் படியையும் ஏறிவிட்டாள்.

நொச்சி பிறகு ஈப்போவிலிருந்து வந்தது. வீக்கமும் மெல்ல வடிந்தது. அது உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது இதுதான். அன்று மத்தியானம் எல்லாரும் அன்னதானப் பந்தியில் இருந்தபோது நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். மிச்சமிருந்த மூட்டையை அதே சட்டியில், அதே மாதிரி சூடாக்கி, வேட்டியைத் தூக்கி என் முட்டியில் வைத்துப் பார்த்தேன்.

சொகமாக இல்லை, பிள்ளைகளா. சுட்டது.