பூட்டண்ணன் பாஸ்வேர்டுக்கு நடத்திய ஆடிட்

மோர் பாட்டிலுக்குப் பூட்டுப் போட்டு வைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு ஒரே அறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி. நான் அங்கே மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் நம்மூர் தையல் மெஷினுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். அவர் டாக்குமென்டேஷன். சரக்கு அட்டைப்பெட்டியில் ஏறியதிலிருந்து கப்பலில் ஏறுகிற வரைக்குமான காகிதம் எல்லாம் அவர் கையில். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. கம்பெனி முழுக்க அவர் பூட்டண்ணன்தான்.

சாமளாபுரத்திலிருந்து மொபெட்டில் வருவார். மொபெட்டுக்கு மூன்று பூட்டு, ஹெல்மெட்டுக்கு ஒன்று, குடைக்குச் சங்கிலி. நாற்காலியையும் மேஜைக் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார். சாவிக் கொத்து இடுப்பில் தொங்கித் தொங்கி, நேராக நின்றாலும் வலது பக்கம் சாய்ந்துதான் நிற்பார். ஸ்டேப்ளர் கேட்டால் இரண்டு பூட்டைத் திறந்து எடுத்துத் தருவார். அடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். சேர்ந்த புதிதில், மோருக்கு எதற்கண்ணா பூட்டு என்று கேட்டுவிட்டேன்.

"மோர் போனாப் போகுதுங்க அம்மிணி. பழக்கம் போயிரக் கூடாதில்லீங்க" என்றார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் கம்பெனியின் பாஸ்வேர்ட் எல்லாம் இருந்தது. ஒவ்வொரு பையருக்கும் ஒரு வெப்சைட், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்ட். கப்பல்காரர்களுக்குத் தனி, கஸ்டம்ஸுக்குத் தனி. எல்லாமாக இருபத்துச் சொச்சம். ஒவ்வொன்றும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று மாற்று என்று உயிரை எடுக்கும். பெரிய எழுத்து வேண்டும், சின்ன எழுத்து வேண்டும், எண் வேண்டும், போன தடவை வைத்தது கூடாது. அண்ணனுக்கு ஞாபகம் நிற்காது. எழுதி வைக்கவும் மனசு வராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்.

எங்கள் ஊரில் எந்தச் சட்டை தைத்தாலும் அதற்கு ஓர் அளவு சார்ட் உண்டு. மார்பு இத்தனை சென்டிமீட்டர், கை நீளம் இத்தனை, கழுத்து இத்தனை. அண்ணன் வெப்சைட்டுக்கு ஒன்றாகப் போலிச் சார்ட் போட்டார். மார்பு பதினாலு, கை தொண்ணூற்றிரண்டு, கழுத்து ஏழு என்று சார்ட்டில் இருந்தால், அதை இங்கிலீஷில் சேர்த்து அடித்தால் பாஸ்வேர்ட். திருடன் பார்த்தாலும் பனியன் அளவு என்று நினைத்துப் போய்விடுவான் என்றார். இதையும் என்னிடம் மட்டும், கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்.

திருடன் பார்க்கவில்லை. சாம்பிள் மாஸ்டர் பார்த்தார். ஃபைலை அண்ணன் தவறுதலாக சாம்பிள் ஃபோல்டரில் சேமித்துவிட்டார். மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சார்ட்டில் இருப்பதை நூல் பிசகாமல் தைக்கிறவர். தைத்தார். மார்பு பச்சைக் குழந்தைக்கு, கை பனைமர உயரத்து ஆளுக்கு, கழுத்தில் கை முஷ்டி நுழைந்தால் அதிகம். ஷோரூம் ஹேங்கரில் மாட்டியபோது இரண்டு கையும் தரையைக் கூட்டின.

அன்றைக்குப் பார்த்து வெளிநாட்டு பையர் பெண்மணி ஒருத்தர் ஷோரூமுக்கு வந்திருந்தார். அந்தச் சட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். வேறு கலரில் கிடைக்குமா என்று கேட்டார். முதலாளி ஆஹா என்று தலையாட்டிவிட்டு, அவர் போன பிறகு மாஸ்டரைக் கூப்பிட்டு இது என்ன கண்றாவி என்றார்.

"சார்ட்ல என்ன இருக்கோ அதத்தான தைக்க முடியும், அண்ணாச்சி" என்றார் மாஸ்டர், கொஞ்சமும் கலங்காமல்.

விசாரணையில் விஷயம் வெளியே வந்தது. ஒரு பையரின் பாஸ்வேர்டைத் தைத்து, அயர்ன் பண்ணி, இன்னொரு பையரிடம் காட்டியிருக்கிறோம். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் அன்று குரல் எழும்பியது. அடுத்த பெரிய ஷிப்மென்டுக்குள் பாஸ்வேர்ட் எல்லாம் ஒழுங்கான ஒரு பாஸ்வேர்ட் மேனேஜருக்குள் போக வேண்டும், அந்த ஷிப்மென்ட் தடங்கலில்லாமல் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் டாக்குமென்ட் வேலையை வெளி ஏஜென்சிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். பதினெட்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலி, சங்கிலி போட்டும் போய்விடும் போலிருந்தது. அன்று மத்தியானம் மோர் பாட்டில் பூட்டுக் கழலாமலே இருந்தது. எனக்குப் பார்க்கவே என்னவோ போலிருந்தது.

மறுநாள் தெளிந்துவிட்டார். "அம்மிணி, நீங்க படிச்சவங்க. இந்த மேனேஜருங்கறது எத்தன தினுசுங்க?" என்று கேட்டார்.

இரண்டு தினுசு என்றேன். ஒன்று, பிரவுசரிலேயே கூடப் பிறந்தது. தனியாக எதுவும் வாங்க வேண்டாம், சேமிக்கட்டுமா என்று அதுவே கேட்கும். இன்னொன்று, வேறொரு கம்பெனி தனியாகச் செய்து தருகிற ஆப். எந்தக் கம்ப்யூட்டர், எந்த போன், எந்த பிரவுசர் என்றாலும் கூடவே வரும். ஆனால் அதற்கென்று ஒரு தலைமைப் பாஸ்வேர்ட் உண்டு, அதை மறந்தால் அவர்களாலும் திறக்க முடியாது.

அண்ணன் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, முதலாவது சொந்த யூனிட், இரண்டாவது ஜாப் ஒர்க், அவ்வளவுதானே என்றார். நான் ஒரு மணி நேரமாக விளக்கியதை அவர் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். நூலைத் துணியாக்குகிற நிட்டிங்கைச் சொந்தமாகப் போடுவதா, வெளியே கொடுப்பதா என்று எங்கள் ஊரில் தலை நரைத்தவர்கள் உண்டு. செய்தி பரவியதும் கம்பெனி இரண்டு கட்சியானது. கட்டிங் இன்சார்ஜ் சொந்த யூனிட் கட்சி. நம் மெஷின் இருக்க அடுத்தவனிடம் துணியைக் கொடுப்பானேன் என்று டீ நேரத்தில் பிரசாரம் செய்தார். பேக்கிங் பெண்கள் ஜாப் ஒர்க் கட்சி. பிரவுசர் என்றால் என்ன என்று அவர்கள் கடைசி வரை கேட்கவேயில்லை.

அண்ணனுக்குப் பிரவுசர் மீது பழைய சந்தேகம் இருந்தது. "நாம கூப்பிடாமயே வந்து, குடுங்க நான் வெச்சுக்கறேன்னு கேக்கறானுங்க. நல்லவனா இருந்தா அப்பிடிக் கேப்பானுங்களா?" அதனால் வருஷக்கணக்காக 'ஒருபோதும் வேண்டாம்' என்ற பட்டனையே அமுக்கி வந்திருந்தார். அந்த பட்டனில் அமுக்க இடம் பாக்கி இருந்ததே பெரிசு.

முடிவெடுக்க அவர் பிடித்த வழி, பையர் நம்மிடம் செய்வதை நாம் மேனேஜர் செய்கிறவர்களிடம் செய்வது. எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் தரும் முன்னால் பையர்கள் ஆடிட்டரை அனுப்பி, கக்கூஸ் எத்தனை, தீயணைப்பான் எங்கே என்று எண்ணிக்கொண்டு போவார்கள். அண்ணன் அந்தக் கேள்வித்தாளையே எடுத்து, மேலே இருந்த பெயரை மட்டும் மாற்றி, ஆப் கம்பெனிக்கு மெயில் அனுப்பினார். அவசர வழி எத்தனை. குடிதண்ணீர் பரிசோதித்தீர்களா. குழந்தைத் தொழிலாளர் உண்டா. உடைந்த ஊசிக்கு ரிஜிஸ்டர் பராமரிக்கிறீர்களா. இதே மெயிலை பிரவுசர்காரர்களுக்கும் அனுப்பப் பார்த்தார், யாருக்கு அனுப்புவது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. உதவிப் பக்கம் இன்னோர் உதவிப் பக்கத்துக்கு அனுப்பி, அது முதல் பக்கத்துக்கே திருப்பி அனுப்பியது.

ஆப் கம்பெனியிலிருந்து நாலாம் நாள் பதில் வந்தது. எந்த நாட்டிலோ ஒரு புண்ணியவதி உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருந்தார். எங்கள் அலுவலகத்தில் இரண்டு அவசர வழிகள் உள்ளன, குடிதண்ணீர் நன்றாக இருக்கிறது, ஊசிகள் இல்லை, ஆனால் கேட்டதற்கு நன்றி. அண்ணன் அதை மூன்று தடவை படித்தார். அட்ரஸே இல்லாதவனிடம் சாவி கொடுப்பதை விட, அவசர வழியை எண்ணிச் சொன்னவர்களிடம் கொடுக்கலாம் என்று தீர்மானமானது. தேர்வுக்கான காரணம் எனக்கு அரைகுறையாகத்தான் பட்டது. இருந்தாலும் மூன்று பேர் மூன்று கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற எங்கள் அறைக்கு அந்த முடிவு சரிதான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகும் நேரே இறங்கவில்லை. ஒரே ஒரு பொய்ப் பாஸ்வேர்டை முதலில் உள்ளே போட்டார். ஆப்பை மூடித் திறந்தார், மூடித் திறந்தார், மூன்றாவது முறையும் மூடித் திறந்தார். துணியைத் துவைத்துத் துவைத்துச் சோதிக்கிற மாதிரி, மூணு வாஷ் என்றார். எழுத்தை எண்ணிப் பார்த்து, சுருக்கம் இல்லை, சாயமும் போகவில்லை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் இருபத்துச் சொச்சமும் உள்ளே போயின. தலைமைப் பாஸ்வேர்ட் மட்டும் அவர் மண்டைக்குள்.

நாலு மாதம் கழித்து அந்தப் பெரிய ஷிப்மென்ட் வந்தது. குழந்தைகளுக்கான பைஜாமா, என் ஆர்டர். தூத்துக்குடிக்குப் போகிற கன்டெய்னர் லாரி வாசலில் நின்றது. சாயங்காலம் நாலு மணிக்குள் பையர் வெப்சைட்டிலிருந்து பெட்டி லேபிள் எடுத்து ஒட்டியாக வேண்டும். அன்று காலை அண்ணன் வரவில்லை. சிறுநீரகக் கல், பொறுக்க முடியாத வலி, அவிநாசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். போனை எடுத்தது அவர் வீட்டுக்காரம்மா. நான் 'அக்கா' என்று கூப்பிட்டதும் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"உள்ள போறப்ப சொல்லீட்டுப் போனாருங்க. கம்பெனில கேட்டா, அம்மிணிகிட்டக் குடுத்து வெச்சிருக்கறேன்னு சொல்லச் சொன்னாருங்க."

என்னிடம் ஒன்றுமில்லை. முதலாளி என்னைப் பார்த்தார், கட்டிங் இன்சார்ஜ் பார்த்தார், லாரி டிரைவரும் பார்த்தார். முதலாளி ஏஜென்சிக்காரர் நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டார். மனிதர் அங்கே மயக்கத்தில் கிடக்க, இங்கே அவர் நாற்காலி போய்க்கொண்டிருந்தது. டிராயரைத் தேடினேன், மேஜை அடியில் பார்த்தேன், மோர் பாட்டிலைக்கூடக் குலுக்கிப் பார்த்தேன். கடைசியில் மெயிலில் விளம்பரங்கள் ஒதுங்குகிற பகுதியைத் திறந்தேன். தலைமுடி எண்ணெய் விளம்பரத்துக்கும் வீட்டுமனை விளம்பரத்துக்கும் நடுவில், நாலு மாதமாகத் திறக்காமல் கிடந்தது ஆப் கம்பெனியின் ஒரு மெயில்.

அந்த ஆப்பில், உடையவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவருடைய பாஸ்வேர்ட் பெட்டியைத் திறக்க ஓர் ஆளை முன்பே குறித்து வைக்கலாம். அந்த ஆள் வந்து கேட்டால் எத்தனை நாள் காக்க வைத்துத் திறப்பது என்றும் குறிக்கலாம். சந்தேகப் பிராணிகள் முப்பது நாள் போடுவார்கள். அண்ணன் குறித்திருந்தது என் பெயர். காத்திருக்க வேண்டிய நேரம் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. அழுத்தினேன், திறந்தது. மூன்றரைக்கு லேபிள் ஒட்டி லாரி கிளம்பியது. முதலாளி ஏஜென்சி நம்பரைத் தேடுவதை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிப் போனார்.

பத்து நாளில் அண்ணன் திரும்பி வந்தார். முதல் வேலையாக எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினார். நான் பார்த்துவிட்டேனாம். கோபமாக வந்தது, சிரிப்பும் வந்தது.

கல்யாணமாகி நான் அந்தக் கம்பெனியை விட்டபோது, கம்பெனிப் பெட்டியிலிருந்து முறைப்படி என் பெயரை எடுத்துவிட்டார். சரிதானே, நான் வெளியாள். அன்று சாயங்காலமே இன்னொரு மெயில் வந்தது. அவருடைய சொந்தப் பெட்டி, வீட்டுப் பத்திரம், பிள்ளைகள் சர்டிபிகேட் எல்லாம் இருக்கிற பெட்டி, அதற்கு என்னைக் குறித்திருந்தார். உறவு என்று கேட்டிருந்த கட்டத்தில் 'தங்கச்சி' என்று போட்டிருந்தார். எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் கிடையாது. அந்த மெயிலை இன்னும் வைத்திருக்கிறேன்.