சவுனாவில் தேறிய புல்

குளிரைப் பற்றிக் கருத்துச் சொல்ல உலகில் யாருக்காவது தகுதி உண்டென்றால், அது வட ஃபின்லாந்தின் தீவனப்புல் ஆய்வு நிலையத்தில் இருக்கும் எங்கள் குழுவுக்குத்தான். நான் அதன் செயலாளர். ஆகவே, தற்பெருமை இல்லாமல் சொல்கிறேன்.

எங்கள் அரிய படைப்பு ‘முன்னேற்றம்’ என்ற புல் ரகம். இங்குள்ள பழைய புல் இருக்கிறதே, சுத்தச் சோம்பேறி. ஆகஸ்டில் பகல் சுருங்கத் தொடங்கியதுமே வளர்வதை நிறுத்திவிட்டு, அடியில் சத்தைச் சேர்த்துக்கொண்டு தூங்கப் போய்விடும். ‘முன்னேற்றம்’ அப்படியல்ல. அக்டோபரிலும் கடமை தவறாமல் வளர்ந்தது. பார்த்த எங்களுக்கே புல்லரித்தது.

குளிரைத் தாங்குமா என்று முடிவு செய்ய, வழக்கம்போல வெள்ளிக்கிழமை மாலை சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் கூடினோம். எங்கள் ஊரில் முக்கியமான முடிவு எதையும் ஆடையோடு எடுப்பதில்லை. சுடுகல்லில் தண்ணீரை ஊற்றி, ஆவியில் வெந்தபடியே தலைவர் ரைமோ கேட்டார்.

“என்னய்யா, தாங்குமா, தாங்காதா?”

“வயல்ல ரெண்டு மூணு குளிர்காலம் போட்டுப் பார்க்கணும்னு விதி இருக்கே,” என்றேன்.

“நீ ஒருத்தன்! வா வெளியே!”

ஓடினோம். வெற்றுடம்போடு பனியில் புரண்டோம். ஆஹா, என்ன சுகம்!

“குளிருதா?”

“இல்லவே இல்ல!”

“ஒட்டுத்துணி இல்லாம நாமளே தாங்குறோம். புல்லுக்கு என்ன கேடு?”

உள்ளே ஓடிவந்து, ‘தாங்கும்’ என்ற தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றினோம். அறிக்கையில் ‘கள ஆய்வில் நேரடியாக உறுதி செய்யப்பட்டது’ என்ற வாசகம் என்னுடையது.

பக்கத்துப் பண்ணையில் பசு வளர்க்கும் ஹில்க்கா அதைப் படித்துவிட்டு, பழைய புல்லை உழுது தள்ளிப் புது விதை போடத் தயாரானார்.

“இது போச்சுன்னா என் மாடுங்களும் போச்சு. விலைக்குத் தீவனம் வாங்க எனக்கு வக்கில்ல. நிச்சயமா தாங்குமா?”

“நாங்களே பனியில இறங்கிப் பார்த்துட்டோம்மா,” என்றேன். சத்தியமான வார்த்தை.

குளிர்காலம்தான் ஒத்துழைக்க மறுத்தது. நடுவில் மழை பெய்து, வயல் மொத்தமும் ஐஸ்கட்டியாக உறைந்து கிடந்தது. மே மாதம் அது உருகியபோது, செத்த புல்லும் அழுகல் நாற்றமும்தான் மிச்சம்.

ஹில்க்கா மாடுகளை விற்றுவிட்டார். கடைசிப் பசு லாரியில் ஏற மறுத்தது. அவரே கழுத்தைத் தடவித் தடவி ஏற்றினார். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே!

“புல் மேல தப்பில்லம்மா. குளிர்தான் வரம்பு மீறிடுச்சு.”

“நீங்க பனியில புரண்டுட்டு உள்ள ஓடிட்டீங்க. என் புல்லு எங்கய்யா ஓடும்?”

ஆழமான கேள்வி. என்னோடு வந்திருந்த ரைமோவே அசந்துபோய்ச் சொன்னார்.

“இதைத் தீவிரமா ஆராயணும்மா. உங்க தொழுவம் இப்போ காலிதானே? குடுத்தீங்கன்னா, எங்க குழு இங்கேயே வந்து உட்கார்ந்துடும்.”

ஹில்க்கா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“வாங்க, இடம் தாராளமா இருக்கு. ஆனா ஒண்ணு. தின்னுட்டுப் பால் குடுக்காததை நான் தொழுவத்துல கட்டுறதில்ல.”