பதினேழு பாடம் கொரியன்

"என் வீட்ல எனக்கே புரியாத பாஷையா? விடமாட்டேன்!"

லிஃப்ட் மெக்கானிக் இந்தச் சபதத்தைப் போட்டது ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே, லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு. கேட்க ஆளில்லாத இடத்தில் அவருக்கு வீரம் பொங்கும். வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. கொரியன் சீரியல் பார்த்துப் பார்த்து அவர் மனைவியும் மகளும் வீட்டுக்குள்ளேயே கொரியனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இவர் முகத்தைப் பார்ப்பார்கள், என்னவோ சொல்வார்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சொந்த வீட்டிலேயே வேற்றாள் ஆகிப்போனார் மனுஷன்.

மகள் கொரியன் படிக்கிற ஆப்பையே, அவள் பாஸ்வேர்டையே போட்டு, தன் போனில் திருட்டுத்தனமாக இறக்கினார். மதிய இடைவேளையெல்லாம் பாடம். கொரியனிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்றதும் நம்ம ஆளுக்கு ஒரே குஷி. ஆனால் அந்த வினையோடு ஒட்டுகிற வால் இருக்கிறதே, அதுதான் பிராணனை வாங்கியது. மரியாதைக்கு ஒரு வால், ஆசைக்கு ஒரு வால், கட்டாயத்துக்கு ஒரு வால். லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் மேலே யாரோ "...யோ, ...யோ" என்று முனகுவதைக் கேட்டு, பேசாமல் படியேறிப் போனார்கள்.

ஏழாம் பாடம் முடித்த அன்று காது திறந்தது. ஒழுகுகிற குழாயைப் பார்த்து, பிறகு இவரைப் பார்த்து, மனைவி மகளிடம் "மோத்தேயோ" என்றாள். முடியாதாம்!

என்னாலயா முடியாது? புரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் எழுந்தார். அரை மணியில் குழாய் வாயை மூடியது. அடுத்த வாரம் பரணைப் பார்த்து ஒரு "மோத்தேயோ". பரண் சுத்தம். பத்தாம் பாடத்தில் ஜன்னல் திரைகளைத் துவைத்தார். பதினைந்தில், பக்கத்து வீட்டுக்காரர் தினமும் பாத்திரம் கழுவுகிறார் என்று காதில் விழுந்தது.

"நான் எதுல குறைஞ்சு போயிட்டேன்?" என்று மனசுக்குள் கர்ஜித்துக்கொண்டு பாத்திரத் தொட்டியில் கையை விட்டார்.

இரண்டு வாரம் கழுவிய பிறகுதான் பொறுமை போனது.

"போதும்! நீங்க பேசுறது பூரா எனக்குப் புரியுது. மூணு மாசமா புரியுது! இனிமே என்னைப் பத்தி ஒரு வார்த்தை பேச முடியாது, ஆமா!"

மனைவி அசரவே இல்லை.

"தெரியுங்க. நீங்க ஒவ்வொரு பாடம் முடிக்கும்போதும் என் போன்ல கைதட்டல் கேக்குது. என்கிட்டயும் அதே ஆப், அவ பாஸ்வேர்டுதானே."

"அப்ப... தெரிஞ்சேதான் பேசினியா?"

"வேலை சொல்றதெல்லாம் நீங்க முடிச்ச பாடத்துல சொல்லுவோம். பாவம், புரியணும்ல?"

"நான் படிக்காத பாடத்துல?"

"அதுல உங்களைப் பத்திப் பேசுவோம்."

"மொத்தம் நூத்தி இருபது பாடம்ப்பா," என்றாள் மகள். "நீங்க பதினேழுல இருக்கீங்க."

"நூத்தி இருபதையும் முடிக்கிறேனா இல்லையா பாருங்க!" நுரைக் கையை ஓங்கி உயர்த்தினார் மெக்கானிக். கையிலிருந்த தட்டு நழுவி விழுந்து உடைந்தது.

மனைவி மகள் பக்கம் திரும்பி மூச்சுவிடாமல் நீளமாக ஒன்று சொன்னாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதில் அவருக்குப் புரிந்தது ‘அப்பா’ ஒன்றுதான். அதைக் கொரியனிலும் அப்படியேதான் சொல்கிறார்கள்.