ஏத்தம் அண்ணையின் சைக்கிள் மணி

வெள்ளவத்தையில் ஓர் அறைக்குள் இருந்துகொண்டு, ஓர் அங்குலமும் நகராமல், பாதி ஊரைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போன மனிதர் உலகத்திலேயே ஏத்தம் அண்ணை ஒருவர்தான்.

பிள்ளைகளே, அவர் ஓர் இருதய நிலையத்தில் சைக்கிள் பரிசோதனை செய்பவர். அந்தச் சைக்கிளுக்குச் சில்லே இல்லை. நெஞ்சு முழுக்க வயர் ஒட்டி, மூக்கையும் வாயையும் ஒரு மூடியால் மூடி, ஏறி மிதிக்கச் சொல்வார். நிமிடத்துக்கு நிமிடம் மிதி இறுகும். இருதயம் எவ்வளவு தாங்குகிறது, மூச்சு எவ்வளவு காற்றை எடுக்கிறது என்பதெல்லாம் பக்கத்துத் திரையில் கோடு கோடாக ஓடும். மிதி இறுகும்போதெல்லாம் அண்ணை இடம் சொல்வார்.

"பம்பலப்பிட்டி வந்திட்டுது. இனிக் கொள்ளுப்பிட்டி, சின்ன ஏத்தம்."

நகரத்தின் மறுகோடியில் இருக்கிற கொட்டாஞ்சேனைதான் கடைசி ஏத்தம். காலிமுகத்திடல் என்றதும் ஒரு பெரியவர் மூடியைக் கழற்றி, அங்கே கடற்கரையில் விற்கிற இறால் வடை கேட்டாராம்.

மூடி போட்டால் கதைக்க முடியாது. அதனால், நெஞ்சு நொந்தால் அடிக்கச் சொல்லி, கைபிடியில் ஒரு மணி பூட்டியிருந்தார். பெண்களைச் சோதிக்கும் மற்ற அறையின் மணி பளபளவென்று இருந்தது. எங்கள் ஆண்களின் மணி தொடுவாரில்லாமல் துருப்பிடித்துக் கிடந்தது.

நான் பள்ளிக்கூட வான் ஓட்டுபவன். படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்று டொக்டர் அங்கே அனுப்பினார். நானோ அதைப் பரீட்சை என்று நினைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் விழுந்தவன். இதிலும் விழுந்தால் வான் சாவியைப் பறித்துவிடுவார்களே என்று பயம். ஒரு கிழமையாக விடியற்காலையில் கடற்கரை வீதியில் நடந்து 'படித்தேன்'. இரண்டாம் நாளே நெஞ்சு நொந்தது. மனைவிக்குச் சொல்லவில்லை.

சைக்கிளில் கொள்ளுப்பிட்டி தாண்ட இறுக்கம் தொடங்கியது. இடது தோளுக்கும் பரவியது. மணி என் பெருவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைப் பாராமல் சுவரைப் பார்த்து மிதித்தேன்.

அண்ணை திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். உடனே மிதியைத் தளர்த்தி டொக்டரைக் கூப்பிட்டார்.

"தம்பி, காலிமுகத்திடலோட காணும், மிதிச்சது போதும். இறங்குங்கோ."

மூடியைக் கழற்றியதும் கெஞ்சினேன். "அண்ணை, இன்னும் கொஞ்சத் தூரம்தானே. பாஸ் பண்ணிடுவன்."

"இங்க பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. உங்கட இருதயம் எந்த இடத்தில களைக்குது எண்டு பாக்கத்தான் இந்தச் சைக்கிள். அதை ஒளிச்சுப்போட்டு, நாளைக்கு வான் நிறையப் பிள்ளையளோட போகேக்க நொந்தால், ஆருக்கு மணி அடிப்பீங்கள்?"

நான் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

அடுத்த கிழமையே அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நான் தேறும்வரை வானை மச்சான் ஓட்டினான். சில மாதங்களில் திரும்பவும் சைக்கிள். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை எல்லாம் போய்விட்டன. நெஞ்சில் ஒன்றுமில்லை. கொட்டாஞ்சேனை ஏத்தத்தில் பெருவிரலால் மணியை அடித்தேன். அது கர்ரென்று இருமியது.

அண்ணை கதிரை விழ எழும்பி ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. "நெஞ்சோ தம்பி?"

இல்லையென்று தலையாட்டி, காலைக் காட்டினேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கைலேஞ்சியை எடுத்து முதலில் மணியைத் துடைத்தார். பிறகு அதாலேயே என் நெற்றி வேர்வையையும் துடைத்துவிட்டார்.

வீட்டில் கண்ணாடி பார்த்தால் நெற்றி முழுக்கத் துருக்கறை. அன்றைக்கு அதைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.