எட்டுத் தடவை ஊரணியைக் கடந்தவர்

'நீச்சல் தெரியுமா?' என்று கேட்டது விண்ணப்பத்தின் நாலாவது வரி. கோட்டைச்சாமியின் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

பக்கத்தில் மனைவி உமையாள் நின்றுகொண்டிருந்தாள். அதுதான் சங்கடமே.

"என்ன யோசனை? தெரியும்னு போடுங்க," என்றாள்.

போட்டார். வேறு வழி? பெண் பார்க்கப் போன அன்றைக்கே, "எங்க ஊரு ஊரணிய ஒரே மூச்சுல எட்டுத் தடவை நீந்திக் கடப்பேன்" என்று மாமனாரிடம் அளந்துவிட்ட மனுஷன். இருபத்தேழு வருடமாகக் காதுகுத்து, கல்யாணம், கிடாவெட்டு எங்கே போனாலும் அந்த ஊரணிக் கதைக்குத் தனி மரியாதை. காரைக்குடியில் மோட்டார் பம்பு கடை வைத்திருப்பவருக்குப் பெருமை சொல்ல வேறொன்றும் கிடையாது. உண்மையில் அவர் முழுசாக நனைந்ததெல்லாம் குளியலறையில்தான்.

ஆனி மாதக் கடைசியில் டாக்டர் அவர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, "நடந்தது போதும், இனி நீந்துங்க" என்றார். ஊருக்கு வெளியே கூரை போட்ட நீச்சல்குளம் அப்போதுதான் திறந்திருந்தார்கள். கோட்டைச்சாமிக்கு அன்றே தலைகால் புரியவில்லை.

"உடனே சேர்ந்துட வேண்டியதுதான?" என்றாள் உமையாள்.

"ஆடியில எவனாச்சும் வருசக் கார்டு போடுவானா? ஆவணி பொறக்கட்டும்."

ஆடி முழுக்க அவருக்கு அதே நினைப்புதான். தொப்பி வாங்கினார். நீச்சல் கண்ணாடி வாங்கி, கடையில் மாட்டிக்கொண்டே வாடிக்கையாளருக்கு வால்வு எடுத்துக் கொடுத்தார். உமையாளோ தினமும் காலை பத்து மணிக்கு அம்மன் கோயிலுக்குப் போய் ஈரத் தலையோடு திரும்பினாள். ஆடி போய் ஆவணி பிறந்தும் அவள் கோயிலை விடவில்லை. வயதாக ஆகப் பக்தி முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

நீச்சல்குள மேசையில் விண்ணப்பத்தை வாங்கிய புஷ்பவள்ளி, "வாங்கக்கா," என்று உமையாளைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல மரியாதை தெரிந்த பெண் என்று கோட்டைச்சாமிக்குத் திருப்தி.

மறுநாள் காலை அந்த நீலத் தண்ணீரைப் பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மழை பெய்தாலென்ன, வெயில் கொளுத்தினாலென்ன, வருடம் முழுக்க இது நமக்குத்தான்.

"சாருக்கு ஆழப் பக்கம்," என்றான் பயிற்சியாளர் முத்தரசு. "பழகுனவுகளுக்கு மட்டுந்தான் அங்குட்டு."

"தோள்ல கொஞ்சம் பிடிப்பு தம்பி. ரெண்டு நாளைக்குக் கம்பியப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறேன்."

நாலு நாள் நின்றார்.

வீட்டில் உமையாள் தோசை சுட்டுக்கொண்டே கேட்பாள். "இன்னைக்கு எத்தனை தடவை கடந்தீக?"

"இருபது."

மறுநாள் முப்பது. அதற்கு மறுநாள் அறுபது.

"கூடிக்கிட்டே போகுதே," என்று இன்னொரு தோசையைத் தட்டில் போட்டாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார்.

இப்படியே ஓட்ட முடியாது என்று ஐந்தாம் நாள் முத்தரசிடம் போனார். "ஆழம் எனக்குச் சலிச்சுப்போச்சு தம்பி. அந்தச் சின்னப் பிள்ளைக பக்கம் நிக்கட்டுமா?"

முத்தரசுக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கணும்னு ஆசையா சார்? பெரிய மனசு உங்களுக்கு."

பதினோரு பிள்ளைகளை அவர் தலையில் கட்டினான். முத்தரசு கரையில் நின்று சொல்வான். கோட்டைச்சாமி அதையே பிள்ளைகளுக்கு அதட்டிச் சொல்வார். பிள்ளைகள் செய்ததைப் பார்த்து, அவர்களுக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாகத் தானும் செய்வார். "தாத்தா, நீங்க மூக்கு வழியா தண்ணி குடிக்கிறீக," என்று ஒரு வாண்டு மட்டும் கண்டுபிடித்துவிட்டது. அதற்குக் கடலைமிட்டாய் கொடுத்து வாயை அடைத்தார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், கால் தரையில் இல்லை என்பதைத் திடீரென்று உணர்ந்தார். மிதந்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதில் இப்படி ஒரு சந்தோஷம் உண்டு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அன்றைக்குக் கடையில் கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு பத்து நாள்தான். அறிவிப்புப் பலகையில் முத்தரசு எழுதிவைத்திருந்தான்: 'உறுப்பினர் குடும்ப நாள். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கும் மூத்த வீரர் கோட்டைச்சாமி முதல் நீச்சலடித்துத் தொடங்கிவைப்பார்.'

இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இருபத்தைந்து மீட்டர். அவருடைய உச்சம் பத்து.

"தம்பி, எனக்குக் காய்ச்சலடிக்குது."

"அதுக்கென்ன சார், அடுத்த ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிவச்சிருவோம். கூட்டமும் இன்னும் சேரும்."

சேர்ந்தது. சேதி பள்ளத்தூர்வரை போய், மச்சினன் நாகநாதன் ஒரு வேன் நிறைய மாமனார் வீட்டுச் சனத்தை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். ஊரணியைக் கடந்த மாப்பிள்ளையைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

"நீ வராத உமையா. தரையெல்லாம் வழுக்கும்," என்று கடைசியாகக் கெஞ்சிப் பார்த்தார்.

"வழுக்குனாப் பாத்துக்கிறேன்."

என்றைக்குமில்லாத திருநாளாக அவள் சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். போட்டோ எடுப்பார்கள் என்பதற்காக இருக்கும். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கொண்டையை இறுக்கிக்கொண்டு, ஆழப் பக்கம் கரையோரமாகவே நின்றாள். தண்ணீருக்குக்கூடச் சாமி மரியாதையா என்று அந்தப் பதற்றத்திலும் அவருக்குத் தோன்றியது.

விசில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு குதித்தார்.

பத்து மீட்டர் வரை சுகம். பதினைந்தில் கை கனத்தது. பதினெட்டில் மூக்கில் தண்ணீர் ஏறியது. கரையில் அவர் கூடவே ஒரு சுடிதார் நடந்து வருவது மங்கலாகத் தெரிந்தது. இவ்வளவு சனத்துக்கு முன்னால், அதுவும் அவள் கண்ணெதிரே முங்கினால், இருபத்தேழு வருடமும் சேர்ந்து முங்கும். பிள்ளைகளுக்குச் சொன்னதையே தனக்குச் சொன்னார்: காலை அடி, மூச்சை விடு, காலை அடி. கையில் சுவர் தட்டியது.

அவர் கரையேறியபோது கூரையே அதிர்ந்தது. பதினோரு பிள்ளைகளும் "தாத்தா, தாத்தா" என்று கத்தின.

"இன்னும் ஏழு தடவை இருக்கே அத்தான்," என்றான் நாகநாதன்.

"முழங்கால் விடலடா," என்று மூச்சு வாங்கச் சிரித்தார். நிஜமாகவே நீந்திவிட்டார். இனி அந்தக் கதை பொய்யென்று எந்தக் கொம்பனும் சொல்ல முடியாது.

உமையாள் வேன் பக்கம் போயிருந்தாள். உடை மாற்றிக்கொண்டு மிதப்பாக வெளியே வந்தவரை மேசையிலிருந்து புஷ்பவள்ளி கூப்பிட்டாள்.

"சார், அக்கா இதை வச்சுட்டுப் போயிட்டாக."

ஒரு தொப்பி, ஒரு நீச்சல் கண்ணாடி. இரண்டும் பழகிப் பழகி வெளுத்திருந்தன.

"இது அவளுக்கு எதுக்கு?"

"அக்காதான பத்து மணி லேடீஸ் பேட்ச்ல முத ஆளு," என்றாள் புஷ்பவள்ளி. "ஆடி ஒண்ணாந் தேதியே வந்து சேந்துட்டாக சார். 'கல்யாணமான மறுநாளே நான் குடத்தோட அந்த ஊரணிக்குப் போனவ. அது குடிதண்ணி ஊரணி, கால் நனைச்சாலே அபராதம். ஆவணியில இவுக போயிக் குதிக்கிறதுக்குள்ள, தூக்கிக் கரையேத்துறதுக்கு நான் கத்துக்கிடணும்'னு சொன்னாக."