பெருச்சாளி வீட்டில் அரண்மனை கண்ட கொக்கு

ஒரு காட்டில், வரைபடத்தில் தேடினால் மடிப்பில் மறைந்துவிடும் அளவுக்குச் சின்னக் காட்டில், இறந்தவரைப் புதைத்த பழங்கால ஈமமேடு ஒன்று இருந்தது. பழம்புலவர்கள் அதைப் பதுக்கை என்பார்கள். மான்கள் மேடு என்றன. வேலாண்டி என்ற பெருச்சாளி, வீடு என்றது.

வேலாண்டியின் மனைவி கோமளி நிறைமாதமாக இருந்தபோதுதான் தொல்லியல் துறையிலிருந்து முனைவர் வெண்டாழையார் என்ற கொக்கு வந்தார். கூடவே ஓர் எருமை, சக்கரம் வைத்த பெட்டியை இழுத்து வந்தது. பெட்டி மண்ணுக்குள் அலையை அனுப்பும். அலை எதில் மோதித் திரும்புகிறதோ அதைத் திரையில் படமாகக் காட்டும். உள்ளே இருப்பதைத் தோண்டாமலே தெரிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்ட பிறகு தோண்டலாம். இந்தப் பிற்பகுதிதான் வேலாண்டிக்குப் பிடிக்கவில்லை.

எருமை ஏர் உழுவதுபோல் மேட்டின்மேல் போவதும் வருவதுமாக இருந்தது. வீட்டுக்கூரை பொலபொலவென்று உதிர்ந்தது.

"மூச்சு விடாதே கோமளி. வெறும் மண்ணுன்னு நெனச்சுப் போயிடுவாங்க."

"மூச்சை நான் அடக்கிக்கிறேன். நீங்க தோண்டி வெச்சிருக்கிற வளையெல்லாம் யாரு அடக்குறது? விருந்தாளிக்கு ஒரு அறையாம், விருந்தாளியோட விருந்தாளிக்கு ஒரு அறையாம்!"

மேலே, திரையைப் பார்த்த கொக்கு பரவசத்தில் இரண்டாவது காலையும் ஊன்றிவிட்டார்.

"மண்டபம்! தானியக் கிடங்கு! அந்தப்புரம்! மூலையில் பாருங்கள், அரசர் நீராடிய குளம்!"

குளம் என்றது வேலாண்டியின் கழிப்பறையை. நடுவில் உண்மையிலேயே பழங்காலக் குறுநில மன்னர் ஒருவர் ஈமத்தாழிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரை அவரை ஓர் உருண்டையாகக் காட்டியது. "பாறாங்கல்" என்று கொக்கு அவரைப் படத்திலிருந்து அழித்துவிட்டார்.

மாலைக்குள் நிலத்தடி அரண்மனைச் செய்தி காடெங்கும் பரவியது. கொக்குக்குச் சால்வை போர்த்தினார்கள். விடிந்ததும் கரடி கடப்பாறையோடு வந்து நின்றது.

வேறு வழியில்லாமல் வேலாண்டி கொக்கின் கூடாரத்துக்குள் நுழைந்தது.

"ஐயா, அது என் வீடுங்க. போன ஐப்பசியில நானே தோண்டினது."

கொக்கு சிரித்தார். "அரண்மனையை நீ தோண்டினாயா? அப்படியானால் அந்தப்புரம்?"

"என் சம்சாரம் படுக்கிற இடமுங்க."

"நீராடும் குளம்?"

வேலாண்டி வெட்கப்பட்டு, காதோரம் சொன்னது.

கொக்கு தன் சால்வையைப் பார்த்தார். வாசல் வழியே, கடப்பாறையை ஓங்கும் கரடியைப் பார்த்தார். அடுத்த நொடி பறந்தார். அந்த வயதில் எந்தக் கொக்கும் அப்படிப் பறந்ததில்லை.

"நிறுத்துங்கள் கரடியாரே!"

"ஏங்க? இப்பத்தானே உள்ளங்கையில எச்சி துப்பினேன்!"

"இவ்வளவு அரிய அரண்மனையைத் தொட நமக்குத் தகுதி போதாது. நம்மைவிட நல்ல கருவிகளோடு வரப்போகும் பிற்காலத்தாருக்கு இதை விட்டுவைப்போம்."

கூட்டம் கண்கலங்கிக் கைதட்டியது. அந்தப் பெருந்தன்மைக்கு இன்னொரு சால்வை. மேட்டைச் சுற்றி வேலி எழுந்தது. பாம்பு, நரி நுழையத் தடை என்று பலகையும் வைத்தார்கள். கோமளிக்கு அந்தப்புரத்திலேயே சுகப்பிரசவம்.

நீதி: எப்போதும் உண்மையே பேசு, ஆனால் அதற்கு நேர்மாறானதை ஊரறியச் சொல்லிச் சால்வை வாங்கியவரிடம், தனியாகப் பேசு.