புருவம் எடுக்கப் போனது நான் அல்ல

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, பெண்ணைப் பெற்றவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் போனை எடுத்திருந்தால் கேட்டே தெரிந்துகொண்டிருப்பேன். புதன்கிழமையிலிருந்து எடுக்காததால், கல்யாணம் இருக்கிறதா இல்லையா என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுப் பேனாவை எடுத்தேன்.

நடந்தது இதுதான். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு செயலியில் அரட்டை, எங்கள் வீட்டில் வேறொன்றில். மண்டப விஷயத்தை அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை என்று தட்டித் தட்டி என் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. இரண்டு குழுவுக்கும் நடுவே 'பாட்' என்கிற தானியங்கியை வைத்தால், இங்கே போடுவதை அங்கேயும் அங்கே போடுவதை இங்கேயும் அதுவே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று ஆபீசில் ஒருத்தர் சொன்னார். "சின்னக் குழந்தைகூட செஞ்சிடும் சார்" என்றார். குழந்தை எதுவும் கைவசம் இல்லாததால் திங்கட்கிழமை நானே உட்கார்ந்தேன். அது பெயர் கேட்டது; என் பெயரைக் கொடுத்தேன். படம் கேட்டது, கோட்டு போட்ட படத்தைக் கொடுத்தேன். எந்தக் குழு என்று கேட்டது. அங்கேதான் விரல் சறுக்கியது. 'கல்யாண வேலை' குழுவைத் தொடுவதற்குப் பதில் அதற்குக் கீழே இருந்த 'நம்மாளுங்க மட்டும்' குழுவைத் தொட்டுவிட்டேன். உங்களைப் பற்றிப் பேசுவதற்கென்றே, தப்பாக நினைக்கக் கூடாது, என் மனைவி ஆரம்பித்த குழு அது.

அப்புறம் எங்கள் ஆட்கள் போட்டதெல்லாம் என் பெயரில், கோட்டு போட்ட என் முகத்தோடு, உங்களிடம் வந்து இறங்கியிருக்கிறது. "புருவம் எடுக்கப் போறேன், யாராச்சும் துணைக்கு வர்றீங்களா?" என்று கேட்டது என் கொழுந்தியாள். "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தைக் கண்டேன்" என்றது என் மனைவி; அந்த மனுஷன் நான்தான், நீங்கள் இல்லை. "அழாதீங்கண்ணா" என்று உங்கள் வீட்டம்மா ஆறுதல் சொன்னதற்கு நன்றி. அங்கிருந்து வந்த செய்திகளும் இங்கே என் பெயரில்தான் விழுந்தன. "பொண்ணோட அப்பா கொஞ்சம் ஒரு மாதிரி" என்று உங்கள் பக்கத்தில் யாரோ சொன்னதை, நானே என்னைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை சார், வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

அதெல்லாம் போகட்டும். "சம்பந்தி கையில மைக்கைக் குடுத்தா, அவர் பேசி முடிக்கறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு நரைச்சிடும்" என்று புதன்கிழமை வந்ததே, அதுதான் உங்களைச் சுட்டிருக்கும். அது சத்தியமாக நான் சொன்னதில்லை. என் மச்சான் சொன்னது. அவனுக்கு வாய் நீளம். நான் உங்கள் பேச்சைக் கேட்கத் தவம் கிடக்கிறவன்; வரவேற்பில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள், சாப்பாட்டை நிறுத்திவைக்கிறேன். எங்கள் வாய்க்காகப் பிள்ளைகளைத் தண்டித்துவிடாதீர்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கும்,
உங்கள் வருங்கால (இன்னமும் அப்படித்தானே?) சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து ஒன்று சொன்னாள். முதல் நாள் கூத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை போனில் சொல்லிக்கொடுக்க, செவ்வாய்க்கிழமையே அவள் பெயர்க் குழப்பத்தை மட்டும் சரிசெய்துவிட்டாளாம். அன்றிலிருந்து அவரவர் போட்டது அவரவர் பெயரில்தான் உங்களுக்கு வருகிறதாம். ஆகவே மைக் விஷயத்தில் என் மச்சானைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவன் அந்தக் குழுவிலேயே இல்லை.